முன்சக்கரம் இழுக்கும் சிறிய காரில் எந்த டயர்களை மாற்றுவது, புதியவற்றை எங்கே பொருத்துவது: முழுமையான வழிகாட்டி

ஸ்விஃப்ட், வேகன் ஆர், ஐ10, டியாகோ, க்விட் என்று நம் தெருக்களில் நிற்கும் சிறிய கார்கள் ஏறக்குறைய அனைத்தும் முன்சக்கரங்களால் இழுக்கப்படுபவை. இவற்றில் முன் டயர்களே முதலில் தேயும். டயர் கடைக்குப் போனால், "முன்னாடி ரெண்டும் போயிடுச்சு சார், ரெண்டு புதுசு போட்டுடலாம்" என்பார்கள், நாமும் தலையசைப்போம், அரை மணி நேரத்தில் புதிய டயர்கள் முன்பக்கம் ஏறிவிடும். எந்த டயர்களைக் கழற்றுவது, புதியவற்றை எந்த அச்சில் பொருத்துவது என்ற இரு வேறு கேள்விகள் அந்த ஒரே தலையசைப்பில் முடிந்துபோகின்றன. தேய்ந்த டயர் எந்த இடத்திலிருந்து கழற்றப்பட்டதோ அந்த இடத்துக்கே புதிய டயர் போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பெரும்பாலான சமயங்களில் போகவும் கூடாது. அதற்கான காரணத்தையும், வீட்டு வாசலிலேயே முடிவை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகும் முறையையும் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முன் டயர்கள் ஏன் விரைவில் தேய்கின்றன என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. எஞ்சின், கியர்பாக்ஸ் இரண்டும் முன்னால் இருப்பதால் காரின் எடையில் ஏறத்தாழ 60 சதவீதத்துக்கு மேல் முன் அச்சின்மேல் அமர்கிறது. அந்த எடையோடு வண்டியை இழுப்பதும், திருப்புவதும், பிரேக் பிடிக்கும்போது பெரும்பங்கு விசையைத் தாங்குவதும் அதே இரண்டு டயர்களின் வேலை. பின் டயர்கள் பாரத்தைச் சுமந்துகொண்டு பின்தொடர்கின்றன. ஆகவே முன்னால் 2 மி.மீ., பின்னால் 5 மி.மீ. என்று இருந்தால் அது கோளாறு இல்லை. டயர்களை இடம் மாற்றாமலே ஓட்டிவந்திருக்கிறோம் என்பதுதான் அதன் பொருள்.

படி 1: ஐந்து டயர்களையும் அளந்து எழுதுங்கள்

டயரின் மேற்பரப்பில் உள்ள கட்டங்களை நம் ஊர்க் கடைகளில் பட்டன் என்பார்கள். அந்தப் பட்டன்களுக்கு இடையே ஓடும் பள்ளத்தின் ஆழத்தைத்தான் அளக்க வேண்டும். புதிய கார் டயரில் இந்த ஆழம் பொதுவாக 7 முதல் 8 மி.மீ. வரை இருக்கும். பள்ளங்களுக்குள் ஆங்காங்கே குறுக்கே சிறு மேடுகள் தென்படும். அவற்றின் உயரம் 1.6 மி.மீ. டயரின் தோள்பகுதியில் சிறு முக்கோணமோ, டி.டபிள்யூ.ஐ. (TWI) என்ற எழுத்துகளோ இருக்கும் இடத்துக்கு நேராகப் பார்த்தால் அந்த மேடு கிடைக்கும். பட்டன்கள் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால், நம் மோட்டார் வாகன விதிகளின்படியே அந்த டயர் சாலைக்குத் தகுதியற்றது.

1.6 மி.மீ. என்பது சட்டத்தின் கடைசி எல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்கிய சாலையில் ஓட்ட வேண்டியவர்கள் அந்த எல்லைவரை காத்திருக்கலாகாது. பள்ளத்தின் வேலையே டயருக்கு அடியில் அகப்படும் நீரை வெளியே தள்ளுவதுதான். ஆழம் குறையக் குறைய அது தள்ளும் நீரின் அளவும் குறைகிறது. என் கணக்கில் 3 மி.மீ. வந்துவிட்டால் புதிய டயருக்கான பணத்தை ஒதுக்கத் தொடங்க வேண்டும். மழைக்காலம் நெருங்கினால் அப்போதே மாற்றிவிட வேண்டும்.

அளப்பதற்கென்றே ஆழமானி உண்டு. உதிரிபாகக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். பள்ளிப் பிள்ளைகளின் பிளாஸ்டிக் ஸ்கேலை நம்பாதீர்கள். அதன் ஓரத்துக்கும் பூஜ்யக் கோட்டுக்கும் இடையே சில மில்லிமீட்டர் வெற்றிடம் இருக்கும். 2 மி.மீ. ஆழமுள்ள பள்ளத்தில் அதை நுழைத்தால் பூஜ்யக் கோடே மேலே நின்றுவிடும்.

ஒவ்வொரு டயரிலும் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என மூன்று இடங்களில் அளந்து, சக்கரத்தைச் சற்று உருட்டி மேலும் இரண்டு முறை அதேபோல் அளக்க வேண்டும். கிடைக்கும் ஒன்பது அளவுகளில் மிகக் குறைந்ததே அந்த டயரின் ஆழம். ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்தால் முன் டயர்களின் உள்விளிம்பு நன்றாகத் தெரியும். பின் டயர்களுக்குப் பாயை விரித்துப் படுத்து டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும். சோம்பல்பட்டு இதை விட்டுவிடாதீர்கள்: வெளிப்பக்கம் 4 மி.மீ. பட்டனோடு அழகாகத் தெரியும் டயர், உள்விளிம்பில் நூல் தெரியும் அளவுக்கு மொட்டையாகியிருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அளவுகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம்: முன் இடது 2.4, முன் வலது 2.1, பின் இடது 5.2, பின் வலது 5.0, ஸ்டெப்னி 7.6. இந்த ஐந்து எண்களைச் சுற்றியே பின்வரும் படிகள் நகரும்.

படி 2: ஆழம் இருந்தும் கழிக்க வேண்டியவற்றைப் பிரியுங்கள்

டயரின் பக்கச்சுவரில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் வரிசையின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்ட டயர். இந்த நான்கு இலக்கங்கள் பெரும்பாலும் ஒரு பக்கச்சுவரில் மட்டுமே முழுமையாக அச்சிடப்பட்டிருக்கும். வெளியே காணவில்லை என்றால் உள்பக்கம் தேடுங்கள். ஐந்து ஆண்டு தாண்டிய டயரை ஆண்டுதோறும் நுணுக்கமாகச் சோதிக்க வேண்டும். பத்து ஆண்டு ஆனதைப் பட்டன் எவ்வளவு இருந்தாலும் கழற்றிவிட வேண்டும். நம் வெயிலில் நாளெல்லாம் வெளியே நிற்கும் காருக்கு ஆறேழு ஆண்டுகளையே நான் எல்லையாக வைப்பேன். வாரத்துக்கு ஒரு நாள் கோயிலுக்கும் கடைக்கும் மட்டும் ஓடும் கார்களில் டயர் தேய்வதற்கு முன்பே ரப்பர் இறுகி, பக்கச்சுவரில் மயிரிழை விரிசல்கள் விழுந்துவிடும். விரலால் அழுத்தினால் அந்த விரிசல்கள் வாய் திறப்பதைக் காணலாம்.

பக்கச்சுவரில் எலுமிச்சைப் பாதி அளவுக்குப் புடைப்பு தெரிந்தால், பள்ளத்தில் விழுந்த அதிர்ச்சியில் உள்ளே இருக்கும் நூலிழைகள் அறுந்துவிட்டன என்று பொருள். அதைச் சரிசெய்ய எந்த வழியும் இல்லை. அந்த டயரோடு நெடுஞ்சாலைக்குப் போகக் கூடாது. பஞ்சர்களையும் எண்ணிப் பாருங்கள். நடுப்பட்டன் பகுதியில் ஆணி ஏறிய சிறு துளையை, டயரைக் கழற்றி உள்ளிருந்து மஷ்ரூம் பேட்ச் (காளான் வடிவ ரப்பர் ஒட்டு) வைத்து அடைத்திருந்தால் கவலையில்லை. தோளிலோ பக்கச்சுவரிலோ குச்சி செருகி ஓட்டிக்கொண்டிருந்தால் அந்த டயரைக் கழித்துவிடுங்கள்.

ஸ்டெப்னியையும் இதே கண்ணோடு பாருங்கள். டிக்கிக்குள் இருட்டில் கிடந்தாலும் அதற்கும் வயது ஏறுகிறது.

படி 3: தேய்ந்த விதத்திலிருந்து காரணத்தைக் கண்டுபிடியுங்கள்

காரணத்தைத் தீர்க்காமல் டயரை மட்டும் மாற்றினால், புதிய டயரும் அதே வழியில்தான் போகும். நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரு ஓரங்களும் தேய்ந்து நடு உயர்ந்திருந்தால் காற்று குறைவு. இவ்விரண்டும் நம் பழக்கத்தால் வருபவை; மாதத்துக்கு இருமுறை டயர் சூடேறுவதற்கு முன் காற்றுப் பார்த்தால் தீர்ந்துவிடும்.

ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்திருப்பதற்குத்தான் அதிகக் கவனம் தேவை. உள்ளங்கையை டயரின் மேல் குறுக்காக, முதலில் உள்ளிருந்து வெளியே, பிறகு வெளியிலிருந்து உள்ளே தேய்த்துப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் ரம்பப் பல்போல் உறுத்தலாகவும் இருந்தால் சக்கரங்கள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடவில்லை. வீல் அலைன்மென்ட் குலைந்திருக்கிறது. அலைன்மென்ட் செய்த சில வாரங்களிலேயே மீண்டும் குலைந்தால் சக்கரத்தைத் திருப்பும் தண்டின் முனையான டை ராட் எண்டிலோ, சக்கரத்தைத் தாங்கும் கையின் ரப்பர் இணைப்பான லோயர் ஆர்ம் புஷ்ஷிலோ ஆட்டம் இருக்கக்கூடும். சுற்றளவு நெடுக மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரையும், சக்கரத்தின் எடைச் சமநிலையான பேலன்சிங்கையும் சந்தேகிக்க வேண்டும். பழுதான பாகங்களின் வேலையை முதலில் முடித்துவிட்டு, அதன்பின் டயர், அதன்பின் பேலன்சிங், கடைசியாக அலைன்மென்ட் என்ற வரிசையில் போனால்தான் செலவு வீணாகாது.

பின் டயர்கள் முன் டயர்களைவிட அதிகமாகத் தேய்ந்திருந்தால், யாராவது முன்பே இடம் மாற்றிப் போட்டிருக்கலாம். அப்படி யாரும் மாற்றவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் பின் அச்சே வளைந்திருக்கக்கூடும். அதைப் பார்க்காமல் டயர் வாங்காதீர்கள்.

படி 4: எத்தனை டயர் என்பதை முடிவு செய்யுங்கள்

நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டிகளில் ஒரு டயர் போனாலும் நான்கையும் மாற்றச் சொல்வதுண்டு, ஏனெனில் முன்னச்சும் பின்னச்சும் இயந்திரத்தால் பிணைக்கப்பட்டிருக்கின்றன. நம் சிறிய கார்களில் பின் அச்சு சும்மா உருள்வதால் அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் ஒரே அச்சின் இடதும் வலதும் இணையாக இருந்தே ஆக வேண்டும்.

ஏன் என்பதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். 165/80 ஆர்14 டயரின் புறவிட்டம் சுமார் 620 மி.மீ. ஒரு பக்கம் 8 மி.மீ. பட்டனுள்ள புதிய டயர், மறுபக்கம் 2 மி.மீ. உள்ள பழைய டயர் என்றால் விட்டத்தில் 12 மி.மீ. வேறுபாடு வருகிறது, ஒவ்வொரு சுற்றிலும் சுமார் 38 மி.மீ. ஏறிக்குறைகிறது. ஒரு கிலோமீட்டருக்குள் ஐந்நூறு சுற்றுகளுக்கு மேல் சுழல்வதால், நேர்ச்சாலையிலும் இரு சக்கரங்களுக்கும் இடையே ஏறத்தாழ 19 மீட்டர் வித்தியாசத்தை, முன் அச்சின் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பல்லிணைப்பான டிஃபரன்ஷியல் ஓயாமல் சரிக்கட்டிக்கொண்டே இருக்கிறது. வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஈரத்தில் பிரேக் பிடித்தால் இரு பக்கமும் ஒரே அளவு பிடிக்காது. ஆகவே ஜோடியாக மாற்றுவதே பொது விதி.

நம் எடுத்துக்காட்டுக்கு வருவோம். முன்னால் 2.4, 2.1, பின்னால் 5.2, 5.0. இரண்டு டயர்களை மாற்றினால் போதும். இங்கே சிக்கனத்துக்கு ஒரு வழியும் உண்டு: 7.6 மி.மீ. உள்ள ஸ்டெப்னி மற்றவற்றைப் போலவே அதே அளவு ரிம்மில், அதே நிறுவனத்தின் அதே பட்டனோடு, நான்கைந்து ஆண்டுக்குள் செய்யப்பட்டதாக இருந்தால், அதே வகையில் ஒன்றை மட்டும் வாங்கி ஸ்டெப்னியோடு ஜோடி சேர்க்கலாம். கழற்றியவற்றில் 2.4 மி.மீ. உள்ளது அவசரத்துக்கான ஸ்டெப்னியாகும். சில மாடல்களில் ஸ்டெப்னி சிறிய ரிம்மில் வரும். அதை நிரந்தரமாக ஓட்டக் கூடாது.

நான்கும் 3 மி.மீ. அருகே இருந்தால் நான்கையும் மாற்றிவிடுங்கள். இரண்டை மட்டும் மாற்றினால் ஆறு மாதத்தில் மறுபடியும் கடை, மறுபடியும் அலைன்மென்ட் செலவு. முன்னால் 2, பின்னால் 3 என்ற நிலையும் இதில்தான் சேரும்.

மூன்று நல்ல நிலையில் இருக்க ஒன்று மட்டும் புடைத்துப்போனால், மீதமுள்ளவற்றின் ஆழத்தைப் பாருங்கள். புதியதற்கும் அதன் ஜோடிக்கும் 2 மி.மீ.க்குள்ளேயே வேறுபாடு என்றால் அதே நிறுவனம், அதே பட்டனில் ஒன்று வாங்கினால் போதும். அதற்கு மேல் போனால் இரண்டு வாங்கி, மிச்சமாகும் நல்ல டயரை ஸ்டெப்னி ஆக்கிக்கொள்ளுங்கள். அந்தப் பணம் எங்கும் போய்விடாது.

படி 5: புதியவை பின்னால், நடுத்தரமானவை முன்னால்

பலரும் ஏற்கத் தயங்கும் இடம் இதுதான். முன்சக்கரம்தானே வண்டியை இழுக்கிறது, திருப்புகிறது, பிரேக்கிலும் அதுதானே முக்கியம், பிறகு நல்ல டயரைப் பின்னால் போட்டு என்ன பயன் என்று கேட்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சில ஆண்டுகளுக்கு முன் கடைக்காரர், "அண்ணே, முன்வீல் டிரைவ் வண்டி, புதுசு முன்னாடிதான் போடணும்" என்றார், போட்டுக்கொண்டேன். பின்னால் 2 மி.மீ. இருந்தது.

இரண்டு மாதம் கழித்து, மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில் திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். வேகம் எழுபதுக்குச் சற்று மேல். இடப்பக்க வளைவொன்றில் தேங்கியிருந்த நீரை முன் டயர்கள் எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் பிளந்துகொண்டு போயின. ஸ்டீயரிங்கில் எனக்கு ஒரு சேதியும் வரவில்லை. அடுத்த நொடி வண்டியின் பின்பக்கம் வலப்புறம் நகர்வதை இடுப்பில் உணர்ந்தேன். பயத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். பின்பக்கம் இன்னும் வேகமாகச் சுழன்றது. வண்டி அரைவட்டம் அடித்து, வந்த திசையைப் பார்த்தபடி இடப்பக்க மண் ஓரத்தில் போய் நின்றது. பின்னால் பேருந்து எதுவும் வரவில்லை. பின்னிருக்கையில் இருந்த அம்மா கைப்பிடியை விடவே வெகுநேரம் ஆனது.

அன்று நடந்ததன் இயக்கம் இது. தேங்கிய நீரில் முன் டயர்கள் பிடி இழந்தால் ஸ்டீயரிங் திடீரென்று இலேசாகும். வண்டி வளையாமல் நேரே போகப் பார்க்கும். அதை ஓட்டுநர் உடனே உணர்கிறார், இயல்பாகவே காலை எடுக்கிறார், எடை முன்னால் சாய்கிறது, வேகம் குறைந்து பிடி திரும்புகிறது. இயல்பான எதிர்வினையே இங்கே சரியான எதிர்வினை. பின் டயர்கள் பிடி இழந்தால் நிலைமை தலைகீழ். ஏற்கெனவே இலேசான பின் அச்சில், காலை எடுத்த கணத்தில் எடை இன்னும் குறைகிறது. பிரேக்கை மிதித்தால் மேலும் குறைகிறது. பயந்தவர் இயல்பாகச் செய்யும் ஒவ்வொன்றும் சுழற்சியை வளர்க்கிறது. எதிர்த்திசையில் ஸ்டீயரிங்கை அளவாக ஒடித்து மீட்கும் பயிற்சி நம்மில் மிகச் சிலருக்கே உண்டு. புதிய டயர்கள் முன்னால் இருப்பது இந்த ஆபத்தை மறைக்கவும் செய்கிறது, ஏனெனில் முன் டயர்கள் எச்சரிக்கை தரும் முன்பே பின் டயர்கள் கைவிட்டுவிடுகின்றன. மிஷலின் போன்ற டயர் நிறுவனங்கள், எந்தச் சக்கரம் இழுக்கும் காராக இருந்தாலும், இரண்டு மட்டும் மாற்றினால் புதியவற்றைப் பின் அச்சில் பொருத்தச் சொல்வது இதனால்தான்.

எனவே நம் எடுத்துக்காட்டில், முன்னிருந்த 2.4, 2.1 கழற்றப்படும், பின்னிருந்த 5.2, 5.0 முன்னால் வரும். புதியவை பின்னால் ஏறும். முன்னால் வந்தவை விரைவாகத் தேய்ந்து தம் ஆயுளை முடிக்கும். அப்போது பின்னால் இருப்பவை முன்னே வரும். இப்படிச் சுழன்றால் எந்த டயரும் பின்னால் கிடந்து வயதாகி வீணாவதில்லை. முன்னே வரும் டயர்கள் 3 மி.மீ.க்கும் குறைவாக இருந்தால் மட்டும் இந்த முறை உதவாது. அப்போது நான்கையும் மாற்றுவதே வழி.

படி 6: வாங்கும்போது பார்க்க வேண்டியவை

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் தூணில் ஒட்டப்பட்ட தாளில் உங்கள் காருக்கான டயர் அளவும் காற்றழுத்தமும் அச்சிடப்பட்டிருக்கும். டயரில் 165/80 ஆர்14 85டி (165/80 R14 85T) என்றிருந்தால் அகலம் 165 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், ரிம் 14 அங்குலம். 85 என்பது ஒரு டயர் 515 கிலோ தாங்கும் என்பதையும், டி என்பது மணிக்கு 190 கி.மீ. வரை என்பதையும் குறிக்கும். இந்தப் பாரக் குறியீடு காரோடு வந்த டயருடையதைவிட ஒருபோதும் குறையக் கூடாது. ஒரே அச்சில் இரு நிறுவனங்களின் டயர்களையோ, வெவ்வேறு பட்டன்களையோ கலக்காதீர்கள்; இரு அச்சுகளிலும் ஒரே வகை கிடைத்தால் இன்னும் நல்லது. தயாரித்த வாரத்தைக் கடையிலேயே, ரிம்மில் ஏற்றுவதற்கு முன்பே படித்துவிடுங்கள். ஓராண்டுக்கு மேல் கிடங்கில் இருந்ததை நான் வாங்க மாட்டேன்.

படி 7: கடையில் நிற்கும்போது

கழற்றும் முன், பின்சக்கரங்களின் பக்கச்சுவரில் சாக்பீஸால் 'முன்' என்றும், புதியவற்றில் 'பின்' என்றும் நீங்களே எழுதிவிடுங்கள். வேலை நெரிசலில் வாய்வார்த்தை மறந்துபோகும். பக்கச்சுவரில் அம்புக்குறி உள்ள டயர் என்றால் அது முன்னோக்கிச் சுழலும் திசையில் இருக்க வேண்டும். ட்யூப்லெஸ் டயருக்கு ரப்பர் வால்வையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். சில பத்து ரூபாய்க்காகப் பழைய வால்வில் காற்று கசிய விட வேண்டாம். நான்கு சக்கரங்களுக்கும் பேலன்சிங், பிறகு அலைன்மென்ட். அளவுகள் அச்சிட்ட தாளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக இறுக்குகிறார்களா என்று பாருங்கள். சுமார் 100 கி.மீ. ஓடியபின் மறுபடி ஒருமுறை இறுக்கம் பார்க்க வேண்டும். புதிய டயரின் மேற்பரப்பு முதல் இருநூறு முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்று வழுக்கலாகவே இருக்கும்; அதுவரை வளைவுகளில் நிதானம் தேவை.

மறுநாள் காலை, வண்டியை எடுப்பதற்கு முன் காற்றை அளந்து தாளில் உள்ள அளவுக்குச் சரிசெய்யுங்கள். கடையில் சூடான டயரில் அடித்த காற்று இப்போது குறைவாகக் காட்டக்கூடும். படி 1இல் எழுதிய தாளின் அடியிலேயே புதிய ஆழங்களையும், தேதியையும், மீட்டரில் ஓடிய கிலோமீட்டரையும் குறித்து டேஷ்போர்டு பெட்டிக்குள் வையுங்கள். 10,000 கி.மீ. கழித்து மீண்டும் ஆழமானியை எடுக்கும்போது அந்தத் தாள்தான் தேவைப்படும்.